மதியம் ஒரு மணிக்கு ஊற்றிய கான்கிரீட்

கம்பெனி என் பெயரில் இருந்தது. தூத்துக்குடியில் சின்ன காண்ட்ராக்டர்கள் பாதிப் பேர் வீட்டில் கதை இதுதான். வீட்டுக்காரர் வேலை பார்ப்பார், பெண்டாட்டி பெயர் போர்டில் இருக்கும். பெண் முதலாளி என்றால் பேங்கில் கொஞ்சம் சலுகை, டெண்டரில் கொஞ்சம் சலுகை. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் என் வீட்டுக்காரர் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து, பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்களைக் காட்டி, "இங்கன, இங்கன, பெறவு இங்கன" என்றார். கையெழுத்துப் போட்டேன். அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அது அடிபிடித்துவிடக் கூடாது என்பதுதான் அப்போது என் கவலை. அப்படி முதலாளி ஆனவள் நான்.

ஹார்பருக்குள் வேலை என்றால் தினமும் கடிதம் வேண்டும். உள்ளே போகிற ஆட்கள் யார், லாரி நம்பர் என்ன, என்ன சாமான் ஏற்றி வருகிறது என்பதையெல்லாம் கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதி, முதலாளி கையெழுத்தோடு கேட்டில் காட்டினால்தான் பாஸ் கொடுப்பார்கள். விடியும் முன்னே என்னை எழுப்பிக் கையெழுத்து வாங்க முடியுமா? அதனால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும், வெறும் லெட்டர்ஹெட் தாள்களின் அடியில் கையெழுத்தை மட்டும் வரிசையாகப் போட்டுக் கொடுத்துவிடுவேன். சைட்டில் இருந்த கண்டெய்னர் ஆபீஸில் ஒரு நீல ஃபைலில் அவை கிடக்கும். தேவைப்படுகிறபோது மேலே டைப் அடித்துக்கொள்வார்கள். ஊரில் எல்லோரும் செய்கிற வேலைதான். டிவியில் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும், நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். இப்போது நினைத்தால் என் கையை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்பு, இழுவைப் படகுகள் வந்து கட்டுவதற்கு ஒரு சின்னப் படகுத்துறை, ஜெட்டி என்பார்கள், போடும் வேலை வந்தது. பெரிய காண்ட்ராக்ட் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு. அவர்கள் கடலுக்குள் தூண்களை இறக்கிவிட்டு, மேலே வருகிற பீம், தளம் எல்லாவற்றையும் எங்களுக்கு சப்-காண்ட்ராக்ட் விட்டார்கள். கான்கிரீட்டை அவர்கள் கலந்து ரெடிமிக்ஸ் லாரியில் அனுப்ப வேண்டும். ஊற்றி முடிப்பது எங்கள் ஆட்கள் பொறுப்பு. அதில் கீழ் பீம் என்று ஒன்று உண்டு. தண்ணீர் மட்டத்தை ஒட்டி, தூண்களைக் குறுக்கே சேர்த்துப் பிடிக்கிற பீம். கடல் ஏறினால் முங்கிவிடும், வற்றினால்தான் வெளியே தெரியும். வற்றிக் கிடக்கிற கொஞ்ச நேரத்துக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். எந்த நாள், எத்தனை மணி என்பதையெல்லாம் எங்கள் மேஸ்திரி பார்த்துக்கொள்வார். என் வீட்டுக்காரர் விளாத்திகுளத்துப் பக்கம் கரிசல்காட்டில் பிறந்தவர். கண்டெய்னர் ஆபீஸில் ஏசியைப் போட்டுக்கொண்டு பில், லாரி வாடகை, போன் என்று இருப்பார்.

சென்னைக் கம்பெனியின் மேனேஜர் ஒருவன் இங்கே தங்கி இருந்தான். அவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வீட்டை விட்டு வந்து லாட்ஜில் கிடக்கிறானே என்று பாவப்பட்டு, வாரத்தில் இரண்டு நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நண்டு என்றால் உயிரை விடுவான். ஓட்டை உடைத்து உறிஞ்சிக்கொண்டே, "மேடம், நீங்கதான் ஓனர்னு சொன்னா யாருமே நம்ப மாட்டாங்க" என்று சிரிப்பான். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவேன். அந்த நண்டுக்கு நான் அரைத்த மசாலாவை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது.

வேலை பாதி ஆனபோது கீழ் பீம் ஒன்றில் கோளாறு தெரிந்தது. பலகையைப் பிரித்துப் பார்த்தால், கான்கிரீட் சரியாக இறங்காமல் பொந்து பொந்தாக, உள்ளே கம்பி தெரிந்தது. ரெடிமிக்ஸ் லாரி கேட்டில் மாட்டிக்கொண்டு நேரம் கழித்து வந்ததுதான் காரணம் என்று மேஸ்திரி சொன்னார். அதற்குள் கலவை இறுகிவிட்டிருந்தது. அதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பச் சொன்னாராம். சென்னைக் கம்பெனி எஞ்சினியர் தண்ணீரை விட்டுக் கலக்கி ஊற்றச் சொன்னாராம். எனக்கு அன்றைக்கு இதில் பாதி புரியவில்லை. வீட்டுக்காரர், "இதெல்லாம் சைட்ல நடக்கதுதான்" என்று சொல்லிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து ரிஜிஸ்தர் தபால் வந்தது. என் பெயருக்கு வந்த முதல் ரிஜிஸ்தர் தபால் அது. சென்னைக் கம்பெனிக்காரர்கள் எங்கள் காண்ட்ராக்டை ரத்து செய்துவிட்டார்கள். கூடவே, இந்த நிறுவனத்துக்கும் இதன் உரிமையாளரான இன்னாருக்கும் இனிமேல் எந்த வேலையும் தரக் கூடாது என்று தடைப்பட்டியலில் சேர்த்து, ஹார்பர் பக்கம் வேலை செய்கிற மற்ற கம்பெனிகளுக்கெல்லாம் நகல் அனுப்பியிருந்தார்கள். இன்னார் என்றால் நான். என் பெயர், என் அப்பா பெயர், வீட்டு விலாசம், ஒன்றும் குறைவில்லை. இரண்டு நாள் கழித்து ஆணி வாங்கப் போன இடத்தில் இரும்புக்கடை அண்ணாச்சி, "என்னம்மா, ஒம் பேரை ஹார்பர் நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்காவளாமே, மோசமான வேலைன்னு?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். ஆணியை வாங்காமலே திரும்பினேன். பஸ்ஸில் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தேன்.

அந்தத் தபாலோடு ஒரு நகல் இணைத்திருந்தார்கள். எங்கள் லெட்டர்ஹெட். 'இன்ன தேதியில் மதியம் ஒரு மணிக்கு, தங்கள் எஞ்சினியர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், தங்கள் அனுமதி இல்லாமல், நாங்களே கலவை கலந்து கீழ் பீமுக்குக் கான்கிரீட் ஊற்றினோம். அதனால் ஏற்பட்ட குறைக்கு நாங்களே முழுப் பொறுப்பு.' அடியில் என் கையெழுத்து. சந்தேகமே இல்லை, என்னுடையதுதான். ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்து.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கண்டெய்னர் ஆபீஸுக்கு வந்து போகிற அந்த மேனேஜர், நீல ஃபைலில் இருந்து ஒரு தாளை உருவி, மேலே டைப் அடித்திருக்கிறான். என் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு என் தலையிலேயே கல்லைப் போட்டிருக்கிறான். அன்று தொடங்கி நான் அவனைக் கறுவிக்கொண்டே இருந்தேன். காய் நறுக்கும்போது கறுவினேன், துணி துவைக்கும்போது கறுவினேன். பூசையில் முழங்காலில் நின்று, எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல என்ற இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். அவன் வேலை போக வேண்டும். அவன் சொல்வதைக் கேட்டு நாலு பேர் சிரிக்க வேண்டும். அவன் பெயரையும் ஒரு போர்டில் ஒட்ட வேண்டும். இதற்குக் குறைந்து எதுவும் எனக்கு வேண்டியதில்லை.

வீட்டுக்காரரோ அடங்கிப்போய் இருந்தார். "விட்டுருளா. பெரிய கம்பெனியோட மோதி நாம என்ன செய்ய? எம் பேர்ல புதுசா ஒரு கம்பெனி பதிஞ்சிட்டாப் போச்சு, வேலை வாங்கிக்கிடலாம். தடை ஒம் பேர்லதான இருக்கு" என்றார்.

"எம் பேர்ல இருக்குன்னுதான் சொல்லுதேன். ஒங்களுக்கு என்ன, எங்கயும் போவிய. என்னையத்தான் மோசக்காரின்னு ஒட்டியிருக்கு."

"பேருதானளா" என்றார்.

மனிதர் பயந்துபோய்விட்டார், அடி அப்படி என்று நினைத்துக்கொண்டேன். இரவெல்லாம் அவர் புரண்டு படுப்பதைப் பார்த்து, அதற்கும் சேர்த்து அந்த மேனேஜரைச் சபித்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். கட்டட ஒப்பந்த வழக்குகள் மட்டுமே பார்க்கிறவர். நான் வாயைத் திறந்து முடிக்கும்வரை வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "அக்ரிமெண்டைப் படிச்சிருக்கீங்களா?" என்றார். இல்லை என்றேன். "கையெழுத்து?" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். "வீட்டுக்குப் போய்ப் படிச்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. நான் பி.காம். படித்தவள். அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலு பக்கம் என்று அந்தத் தடி அக்ரிமெண்டைப் படித்தேன். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் இரு தரப்புக்கும் பொதுவான நடுவர் ஒருவரிடம் போக வேண்டும் என்று அதில் இருந்தது. அப்படித்தான் வழக்கு தொடங்கியது. நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற சீஃப் எஞ்சினியர். மதுரையில் ஒரு ஹோட்டல் ஹாலில் விசாரணை.

முதல் விசாரணைக்குப் போகும் முன்பே வக்கீல் சிக்கலை உடைத்துச் சொல்லிவிட்டார். "அந்தக் கடிதத்துல இருக்கது என் கையெழுத்துதான், நான்தான் எழுதினேன்னு சொன்னா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி. வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன்னு சொன்னா, நீங்க பேருக்கு முதலாளி, கம்பெனியே பொய்ன்னு ஆயிடும். உங்க ரிஜிஸ்ட்ரேஷனே போயிடும். ரெண்டுல எதைச் சொன்னாலும் உங்க பேரு தடையில இருந்து வெளிய வராது."

"வேற வழி?"

"கடிதத்துல இருக்க விஷயமே பொய்ன்னு காட்டணும். எப்படிக் காட்டுவீங்க?"

அந்தக் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. குளிக்கப் போகும்போது படித்தேன். சோறு பொங்கும்போது படித்தேன். அவன் எழுதிய ஒவ்வொரு வரியிலும் அவன் குரல் கேட்டது, மேடம் மேடம் என்று. ஒரு நாள் காலையில் தினக்காலண்டரில் எதையோ தேடப் போய், பழைய வருஷ மாதக் காலண்டரைப் பரணில் இருந்து எடுத்து, கான்கிரீட் ஊற்றியதாகக் கடிதத்தில் போட்டிருந்த தேதியைப் பார்த்தேன். அந்தத் தேதிக்குப் பக்கத்தில் கறுப்பு வட்டம். அமாவாசை.

நான் கடலில் முங்கிச் சங்கு குளிக்கிறவர் மகள். எங்கள் வீட்டில் கடிகாரத்தைவிட நிலாவுக்குத்தான் மதிப்பு. அமாவாசை அன்றைக்கு இந்தக் கடல் காலையில் வற்றிக் கிடக்கும், உச்சிப்பொழுது தாண்டுகிற நேரத்தில் நன்றாக ஏறி நிற்கும். இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. அப்பாவுக்குச் சோறு எப்போது எடுத்துவைக்க வேண்டும் என்பதே அதை வைத்துத்தான். மதியம் ஒரு மணிக்குக் கீழ் பீமில் கான்கிரீட் ஊற்றினோமாம்! அந்நேரம் கீழ் பீம் தண்ணீருக்குள் இருந்திருக்கும்.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "அண்ணாச்சி, அமாவாசை அன்னைக்கு மத்தியானம் ஒரு மணிக்குக் கீழ் பீம்ல நின்னு வேலை பாக்க முடியுமா?"

"பாக்கலாம்மா" என்றார். "மீனா இருந்தாப் பாக்கலாம்."

சந்தோஷத்தில் போனைக் கட்டிலில் எறிந்துவிட்டேன். சென்னையில் பிறந்து லாட்ஜில் படுத்தவனுக்குக் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று என்ன தெரியும்? எஞ்சினியர் இல்லாத நேரம் வேண்டும் என்று சாப்பாட்டு வேளையைப் போட்டிருக்கிறான். மாட்டினான் என்று சத்தமாகவே சொன்னேன். ஹார்பரில் வருஷந்தோறும் கடல் ஏற்ற இறக்கத்துக்கு அச்சடித்த அட்டவணை உண்டு. வக்கீல் அதை முறைப்படி எழுதிக் கேட்டு வாங்கினார். அந்த நாள், ஒரு மணி, தண்ணீர் மட்டம், எல்லாம் பொருந்தி வந்தது. "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, வீட்டுலயும்" என்றார் வக்கீல். சாட்சி விசாரணை அன்றைக்குத்தான் இதை உடைக்க வேண்டுமாம். நானும் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் என் வீட்டுக்காரர் பயத்தில் எங்காவது உளறிவிடுவார் என்று நினைத்தேன்.

அந்த நாளுக்காக மாதக் கணக்கில் காத்திருந்தேன். கல்யாணத்துக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை. நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர்தான் காரை ஓட்டினார். வழியில் இரண்டு தடவை, "இப்பக்கூட சமாதானமாப் போயிரலாம்ளா" என்றார். நான் சட்டை செய்யவில்லை. தேவைப்பட்டால் சாட்சியாகக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று வக்கீல் அவர் பெயரையும் கொடுத்திருந்ததால், அவரை ஹாலுக்கு வெளியே வராந்தாவில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

முதலில் என்னைக் கேட்டார்கள். சென்னைக் கம்பெனி வக்கீல் கடிதத்தை நீட்டி, "இது உங்கள் கையெழுத்தா?" என்றார்.

"என் கையெழுத்துதான்."

"அப்படியானால் இதில் எழுதியிருப்பது உண்மை?"

"பொய்" என்றேன். "அந்த நேரத்துல அங்க கான்கிரீட் ஊத்தணும்னா மூச்சடக்கி முங்கித்தான் ஊத்தணும். எங்க அப்பா செஞ்சிருப்பாரு. எங்க கொத்தனாருக்கு அந்தப் பழக்கம் இல்ல."

நடுவர் தலையை நிமிர்த்தினார். எங்கள் வக்கீல் அட்டவணையை அவர் முன்னால் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலை வரிசையில் ஓட்டினார். ஜெட்டி வரைபடத்தைக் கேட்டார், கீழ் பீமின் மட்டத்தைப் பார்த்தார். எஞ்சினியருக்கு எஞ்சினியர் பாஷை போதும். அடுத்து மேனேஜரைச் சாட்சி நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

நான் எதிர்பார்த்திருந்தது இதைத்தான். அவன் கழுத்தில் வேர்வை இறங்குவதை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். "ரெண்டடித் தண்ணிக்குள்ள கான்கிரீட் ஊத்தினதா நீங்க கடிதம் வாங்கியிருக்கீங்க. அப்ப உங்களுக்குச் சந்தேகம் வரலையா?" என்று எங்கள் வக்கீல் கேட்டார். அவன் தன் வக்கீலைப் பார்த்தான். "இந்தக் கடிதத்தை நீங்களே டைப் அடிச்சீங்களா?" இல்லை என்று தலையாட்டினான். "பொய் ஆவணம் தயாரிச்சா என்ன ஆகும்னு தெரியுமா?" என்று நடுவரே கேட்டார். அவ்வளவுதான், பயல் உடைந்துவிட்டான்.

"சார், நான் எழுதல சார். மேடமோட ஹஸ்பண்டுதான் எழுதிக் கொடுத்தாரு."

அவன் வக்கீல் எழுந்து அவன் வாயை அடைக்கப் பார்த்தார். அவன் கேட்கவில்லை. உயிர் போகிறவன்போல போனை எடுத்து, தேடி, நடுவர் கையில் கொடுத்தான். நடுவர் பார்த்துவிட்டு எங்கள் வக்கீலிடம் கொடுத்தார். வக்கீல் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

வாட்ஸ்அப். என் வீட்டுக்காரர் நம்பர். அந்தக் கடிதத்தின் படம். அதற்குக் கீழே: 'சார் இது போதுமா. கம்பெனி அவ பேர்லதான் இருக்கு. தடை வந்தா அவ பேருக்குத்தான். நம்ம புது வேலைக்கு ஒண்ணும் வராது.' நேரம் பார்த்தேன், கிழமை பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஆறேகால். செவ்வாய்க்கிழமை நான் மாதா கோயிலில் நவநாள் ஜெபத்துக்குப் போகிற நேரம். அவர்தான் காரில் கொண்டுவந்து விடுவார், முடிகிறவரை வெளியே நிற்பார். நான் உள்ளே அவருக்காகவும் சேர்த்து ஜெபித்துக்கொண்டிருந்தபோது அவர் வெளியே இருந்து இதை அனுப்பியிருக்கிறார்.

பத்து நிமிஷம் இடைவேளை விட்டார்கள். வக்கீல் என்னை ஒரு மூலைக்குக் கூட்டிப்போனார். "இப்ப விஷயம் மாறிடுச்சும்மா. அவர் உங்க கம்பெனி ஆளு. அவர் எழுதினா நீங்க எழுதின மாதிரின்னு அவங்க சொல்லுவாங்க. அவரைக் கூப்பிட்டு, உங்களுக்குத் தெரியாம, அந்த மேனேஜரோட சேர்ந்து, பொய்யா எழுதினேன்னு அவர் வாயால சொல்ல வச்சா உங்க பேரு வெளிய வந்துடும். வெத்துத் தாள் விஷயம் வந்தாலும், மோசடி அவரோடதுன்னு ஆயிட்டா நடுவர் உங்களைக் கண்டிக்கறதோட விட்டுடுவார். ஆனா அவர் சொல்றது பதிவாகும். அதுக்கப்புறம் ஹார்பர் பக்கம் அவருக்கு எவனும் வேலை தர மாட்டான். யோசிச்சுச் சொல்லுங்க. கூப்பிடாம, தண்ணி விஷயத்தை மட்டும் வச்சு வாதாடியும் பாக்கலாம். ஜெயிக்கலாம், தோக்கலாம்."

ஹால் கதவில் சின்னக் கண்ணாடி இருந்தது. அதன் வழியே பார்த்தேன். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் கட்டிக் கொடுத்த புளியோதரையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் பிரிக்காமல், எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம். என் கை ஒடிந்தபோது தலை பின்னிவிட்ட மனிதர். எங்கள் அப்பா செத்தபோது சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர். இதெல்லாம் எனக்கு ஞாபகம் வராமல் இல்லை, வந்தது. அதோடு சேர்ந்து 'அவ பேர்லதான்' என்ற வார்த்தையும் வந்தது. 'பேருதானளா' என்று சொன்ன முகமும் வந்தது. ராத்திரியில் அவர் புரண்டு படுத்ததெல்லாம் என்னை நினைத்து இல்லை, அகப்பட்டுவிடுவோமோ என்ற பயத்தில். அந்த மேனேஜர் மேல் இத்தனை நாள் வைத்திருந்த கோபமெல்லாம் ஒரே நிமிஷத்தில் இடம் மாறியது. கொஞ்சம்கூடக் குறையவில்லை.

"கூப்பிடுங்க" என்றேன்.

அவர் புளியோதரையைப் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், ஏதோ சாதாரணக் கேள்வி என்று நினைத்து. வக்கீல் போனை நீட்டினார். அவர் படித்தார். சிரிப்பு மெல்லப் போனது. என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திருப்பிக்கொள்வேன் என்றுதான் அவர் எதிர்பார்த்திருப்பார். ஒவ்வொரு கேள்விக்கும் ஆமாம், ஆமாம் என்றார். "உங்க மனைவிக்கு இந்தக் கடிதம் தெரியுமா?" "தெரியாது." "வெறும் தாள்ல கையெழுத்துப் போடச் சொன்னது யாரு?" "நான்தான்." "எழுதினதுக்குப் பதிலா உங்களுக்கு என்ன கிடைச்சுது?" போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். பிறகு, "எம் பேர்ல வேலை தாரேன்னு சொன்னாவ" என்றார். எல்லாவற்றையும் ஒரு பெண் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் எனக்கு இனித்தது. சொல்ல வெட்கமில்லை, இனித்தது.

தீர்ப்பு பிறகு வந்தது. காண்ட்ராக்டை ரத்து செய்தது செல்லாது, தடைப்பட்டியலில் இருந்து என் பெயரை எடுத்து, நகல் போன இடத்துக்கெல்லாம் அதையும் எழுதி அனுப்ப வேண்டும் என்று. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டதற்கு எனக்கும் நாலு வரி நறுக்கென்று எழுதியிருந்தார் நடுவர். அது நியாயம்தான். மேனேஜரை அவன் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்று கேள்விப்பட்டேன். என் வீட்டுக்காரர் பெயரில் பதிந்த புதுக் கம்பெனியை ஹார்பர் பக்கம் யாரும் சீந்தவில்லை. நான் அந்தத் தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு இரும்புக்கடை அண்ணாச்சியிடம் போய், நாலு பேர் இருக்கிற நேரமாகப் பார்த்து, வாசித்துக் காட்டினேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது விசாரணை முடிந்து அன்றைக்கே திரும்பி வந்ததை. பஸ்ஸில் வந்திருப்பேன், வக்கீல் முன்னால் அசிங்கம் வேண்டாமே என்று காரில் ஏறினேன். அருப்புக்கோட்டை தாண்டுவதற்குள் அவர் எத்தனையோ தடவை தொண்டையைச் செருமினார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்பார். புத்தி கெட்டுப்போச்சு என்பார், கடன் நெருக்கடி என்பார், ஒருவேளை அழுவார். ஒவ்வொன்றுக்கும் திருப்பி அடிக்க என்னிடம் பதில் தயாராக இருந்தது. அவர் மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் மன்னித்திருப்பேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பொய். மன்னித்திருக்க மாட்டேன். ஆனால் கேட்டிருக்கலாம்.

பந்தல்குடி தாண்டியதும் வண்டியை மெதுவாக்கினார்.

"ஏளா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"நல்லாத்தான எழுதியிருந்தேன். எங்கன தப்பு விட்டேன்? பொய்யின்னு எப்படிக் கண்டுபிடிச்சிய?"

நான் அவரையே பார்த்தேன். உண்மையாகவேதான் கேட்டார். வழி முழுக்க அவர் மனசில் குடைந்தது அது ஒன்றுதான்.

"அமாவாசைக்கு, மத்தியானம் ஒரு மணிக்கு, கீழ் பீம் தண்ணிக்குள்ள கெடக்கும்" என்றேன்.

கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். சங்கு குளிக்கிறவர் மகளோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தி, பத்தொன்பது வருஷம் கடலுக்குள் பீம் போட்டவர்.

"அமாவாசைக்கு மட்டுமா, எல்லா நாளுமா?" என்றார்.